தெரபிக்கு அம்மாக்கள் மட்டும் ஏன் வருகிறார்கள்?

வியாழக்கிழமைதோறும் பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்கு மகனைத் தெரபிக்கு அழைத்துப் போகிறேன். போன வாரம் காத்திருக்கும் அறையில் எண்ணிப் பார்த்தேன். பிள்ளைகளோடு 14 பேர் உட்கார்ந்திருந்தோம். 12 பேர் அம்மாக்கள், ஒருவர் பாட்டி. ஆண் என்று நான் ஒருவன்தான்.

எட்டு மாதங்களுக்கு முன்பு வரை அந்த அறையில் நானும் இருந்ததில்லை. என் மனைவிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்வந்தாள். கடையை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமே இருக்கவில்லை என்பது இப்போது நினைத்தால் வலிக்கிறது.

மகனுக்கு வரும் மாசியில் ஐந்து வயது முடிகிறது. மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள், பேச்சும் பிறரோடு பழகுவதும் மற்றப் பிள்ளைகள்போல் வராத நிலை. நான்கு முடிந்ததும் ஏடிஎச்டியும், அதாவது கவனம் நிலைக்காமையும் அடங்காத துறுதுறுப்பும், இருக்கிறது என்றார்கள். அறிகுறிகள் அதற்கு முன்பே இருந்தன. குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது வேண்டுமென்றால் விரலால் சுட்டிக்காட்ட மாட்டான். நம் கையைப் பிடித்து இழுத்துப் போய் அதன் மேல் வைப்பான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டுவான். இரவு இரண்டு மணிக்கும் கட்டிலிலிருந்து குதித்துக்கொண்டிருப்பான். "உன் மாமாவும் நான்கு வயதில்தான் பேசினான்" என்றார் என் அம்மா. நாக்கில் வசம்பு உரசித் தடவினார். அன்பினால் செய்தார், அதில் எனக்குக் குறையில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. மருத்துவர் ஆட்டிசம் என்று சொன்ன நாளிலிருந்து கேள்வியெல்லாம் என் மனைவியிடம் போயின. வேலைக்குப் போகிறாளே, பிள்ளையிடம் பேச யார் இருந்தார்கள்? செல்போனைக் கொடுத்துத்தானே சோறு ஊட்டினாள்? வயிற்றில் இருந்தபோது எதற்கெடுத்தாலும் அழுதாளே? உறவினர் ஒருவர்கூட என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அவள் ஒருநாள் இரவு, "நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்குச் சில நொடிகள் பிடித்தன. அந்த நொடிகளை அவள் கவனித்தாள்.

இந்தப் பழி நம் ஊரில் பிறந்ததில்லை. 1943-இல் ஆட்டிசத்தைப் பற்றி விரிவாக எழுதிய லியோ கானர் என்ற மருத்துவரே பெற்றோர் பாசமற்றவர்களாக இருந்ததாகக் குறிப்பிட்டார். பிறகு அமெரிக்காவில், மனநலச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் தாயின் குளிர்ந்த மனமே காரணம் என்று பேசி, ஒரு தலைமுறைத் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். 1964-இல் அதை ஆதாரங்களோடு மறுத்து நூல் எழுதிய பெர்னார்ட் ரிம்லாண்ட் உளவியல் படித்தவர். அதைவிட முக்கியம், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் அப்பா. (தடுப்பூசியால் ஆட்டிசம் வரலாம் என்று அவர் சந்தேகித்தது தவறு, அந்தச் சந்தேகத்தைப் பரவச் செய்த 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.) தாய் வளர்த்த விதத்தால் ஆட்டிசம் வருவதில்லை, மூளை வளரும் விதத்திலேயே அது இருக்கிறது என்பது இன்று மருத்துவத்தில் தீர்ந்துபோன விஷயம். நம் வீட்டுக் கூடங்களில்தான் இன்னும் தீரவில்லை.

ஏடிஎச்டி என்று சொன்ன அன்று நானும் போயிருந்தேன். மாத்திரை எழுதித் தருவார் என்று காத்திருந்தேன். ஆறு வயதுக்குக் கீழே முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, பெற்றோருக்குக் கொடுக்கும் பயிற்சிதான் என்றார் மருத்துவர். "பெற்றோர் என்றால் இரண்டு பேர்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, ஏடிஎச்டி தனியாக இல்லை என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். என் மனைவிக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. சான்றிதழுக்காக மூன்று நாள் விடுப்புப் போட்டு வரிசையில் நின்றவள் அவள்தானே.

பயிற்சி என்றால் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும். "முதலில் குளியல், பிறகு பஸ்" என்று படத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். நல்லதைச் செய்த உடனே, எதைச் செய்தான் என்று சொல்லிப் பாராட்ட வேண்டும். அடம் வேறு, சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் உடைந்து அழுவது வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கடினம் எங்கே வருகிறது என்றால், இதை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி, நாள்தோறும் செய்ய வேண்டும். அம்மா படம் காட்டிச் சொல்ல, அப்பா அதட்டினால், பிள்ளை எதைப் பிடித்துக்கொள்வான்? நான் இரண்டு ஆண்டுகள் அதட்டியிருக்கிறேன். இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன்.

அப்பாக்களே, வார நாளில் கூலி போகும், கடை மூடினால் நட்டம் என்பதெல்லாம் உண்மை. மாதத்துக்கு ஒரு நாளாவது போங்கள். பணம் கொடுத்துவிட்டேன் என்று நிற்காதீர்கள். உங்கள் அம்மா உங்கள் மனைவியைக் குறை சொல்லும்போது குறுக்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்கு விடுப்புகூடத் தேவையில்லை.

என் மகன் இன்னும் "அப்பா" என்று கூப்பிடவில்லை. ஆனால் பஸ்ஸில் நடத்துநர் வழியில் வரும் ஊரின் பெயரைக் கத்துவதைக் கேட்டு "ஒரத்தநாடு, ஒரத்தநாடு" என்று அதே ராகத்தில் சொல்வான். ஆரம்பத்தில் பொருளற்ற சொல் என்று நினைத்தேன். தெரபிஸ்ட் மட்டும், எப்போது சொல்கிறான் என்று குறித்துவைக்கச் சொன்னார்.

போன மாதம் உறவினர் வீட்டுத் திருமணம். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போனபோது அவன் காதைப் பொத்தினான். முன்பென்றால் தரையில் விழுந்து புரண்டிருப்பான். பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்று நான்கு பேர் என் மனைவியைப் பார்த்திருப்பார்கள். அன்று என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். "ஒரத்தநாடு" என்றான்.

தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மண்டபத்து வாசலில், வேப்பமரத்தடியில், என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். என் மனைவி உள்ளே உட்கார்ந்து, நெடுநாளைக்குப் பிறகு, பந்தியில் முழுச் சாப்பாடு சாப்பிட்டாள்.