சேவை வர்த்தகமும் உரிமத் தடையும்
இணையம் வந்தபின் அண்டை நாடுகளுக்கிடையே சேவை வர்த்தகத்துக்கு (தணிக்கை, சட்ட ஆலோசனை போன்ற பணிகளை நாடு கடந்து விற்பதற்கு) எல்லையே இல்லாமல் போய்விட்டது என்று ஒரு கட்டுரையாளர் எழுதுவதை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2017-இல் உலகச் சேவை வர்த்தகத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு, வாடிக்கையாளரின் நாட்டிலேயே கிளையோ துணை நிறுவனமோ அமைத்துத்தான் நடந்திருக்கிறது. அண்டை நாட்டு நிறுவனம் ஒன்றின் தணிக்கைப் பணியை நான் செய்துகொடுத்தபோது, பேரேடு முதல் வங்கி அறிக்கை வரை எல்லாம் நொடியில் வந்து சேர்ந்தன, ஆனால் அறிக்கையில் கையொப்பமிட அந்நாட்டு உரிமம் பெற்ற தணிக்கையாளர் ஒருவரை அமர்த்த வேண்டியிருந்தது, கட்டணத்தில் பெரும்பங்கும் (வருத்தம்தான்!) அவருக்கே போயிற்று. சுங்க வரி இல்லாவிட்டால் போதும், சேவை வர்த்தகம் தடையின்றி நடக்கும் என்கிறார் அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர். ஆனால் மின்னணுப் பரிமாற்றங்களுக்குச் சுங்க வரி விதிப்பதில்லை என 1998-இலேயே உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் உடன்பட்டன, தொழில்முறைத் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்பதில்தான் இழுபறி நீடிக்கிறது.