தமிழ்க் கோப்புப் பெயருக்கு 47 எழுத்துக் குறிதான்

வீட்டுக்கு நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) வாங்குகிறவர்கள் குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் கோப்புகளைப் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி (encryption), உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆனால் எந்த வகைக் குறியாக்கம் என்பதையும் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இருப்பது சினாலஜி நிறுவனத்தின் நாஸ். பழைய காணி உறுதிகள், அப்பாவின் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, குறியாக்கப்பட்ட பகிர்வுக் கோப்புறையில் போட்டேன். நீளமான தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் ஏற மறுத்தன. அந்தக் கோப்புறையில் பெயருக்கு 143 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ் யூனிகோட் குறிக்கு மூன்று. 'கொ' என்பதில் இரண்டு குறிகள் ('க'வும் அதன் 'ஒ' அடையாளமும்), அதாவது ஆறு பைட். கணக்குப் பார்த்தால் 47 குறிகளோடு முடிந்துவிடும். உறுதி இலக்கம், காணியின் பெயர், ஊர், ஆண்டு என்று எழுதத் தொடங்கினால் எங்கே காணும்! சினாலஜியின் இயங்குதளமான டிஎஸ்எம் 7.2 இல் வந்த முழு வால்யூம் குறியாக்கத்தில் (ஒரு கோப்புறையை மட்டுமல்ல, சேமிப்புப் பகுதி முழுவதையும் பூட்டுவது) இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதை வால்யூம் உருவாக்கும்போதே தெரிவுசெய்ய வேண்டும். எல்லா மாடலிலும் கிடையாது.

அப்புறம் கரண்ட். போய் வந்தால் கோப்புறை பூட்டியபடி கிடக்கும், அம்மாவுக்குத் திறக்கத் தெரியாது. தானாகத் திறக்கும்படி சாவியைப் பெட்டியிலேயே சேமித்தால், பெட்டியைத் தூக்குகிற கள்ளனுக்கும் அது தானாகத் திறக்கும். அதனால் கரண்ட் போனாலும் பெட்டி நிற்காதிருக்க, நான் சின்ன யூபிஎஸ் (பேட்டரி மின்கருவி) ஒன்று வாங்கினேன். சாவிக் கோப்பின் ஒரு கொப்பி கனடாவில் தங்கச்சியிடம் இருக்கிறது.