டூரினில் 33 பதக்கம்: அது எந்தப் போட்டி?

அண்ணா, 'டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 33 பதக்கம், ஒருத்தரும் பேசவில்லை' என்று போட்டிருக்கிறீர்கள். 33 சரி, போட்டிதான் வேறு. அது 2025 மார்ச்சில் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் குளிர்கால உலகப் போட்டி, அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கானது. 8 தங்கம், 18 வெள்ளி, 7 வெண்கலம். குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா இதுவரை ஒரு பதக்கமும் வாங்கியதில்லை. அப்புறம், ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் ஏறக்குறைய ஒரே திறன் உள்ளவர்களைச் சேர்த்துப் பல பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் பதக்கம் தருவார்கள். இரண்டு போட்டிகளின் பதக்கப் பட்டியலையும் ஒப்பிடவே கூடாது.

கிருஷ்ணகிரியில் எங்கள் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஷூவின் அடியில் அகலமான சட்டத்தைக் கட்டிக்கொண்டு பனியில் ஓடும் ஸ்னோஷூ பந்தயத்தைப் போனில் காட்டினால் கண்ணை எடுக்க மாட்டார்கள். தயவுசெய்து பதிவில் போட்டியின் பெயரைத் திருத்துங்கள். ஜெயித்தது யார் என்று நம் ஊருக்குச் சரியாகத் தெரியட்டும்.