ஹால் நிறைந்துவிட்டது, வாங்குகிறவர் எங்கே?

தொழில் சங்கம் நடத்தும் கண்காட்சி என்றால், செயற்குழுக் கூட்டத்தில் முதல் கேள்வி "எத்தனை ஸ்டால் போயிருக்கு?" என்பதுதான். அடுத்தது, திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது. வாங்க வருகிறவர் யார் என்ற பேச்சு மூன்று வாரம் இருக்கும்போதுதான் எழும். அதற்குள் அவர்கள் அந்த வாரத்துக்கு வேறு வேலை வைத்திருப்பார்கள்.

சங்கத்துத் தன்னார்வலர்கள் ஸ்டால் விற்பதையும் கார்ப்பெட் பார்ப்பதையும் விட்டுவிட்டு, வாங்குகிறவர்களை அழைத்து வருவதில் முழுதாக இறங்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு.

3 மீட்டருக்கு 3 மீட்டர், 9 சதுர மீட்டர் ஸ்டால். உள்ளே இரண்டு பேர். ஒருவரிடம் உருப்படியாகப் பேச 15 நிமிடம் என்றால் மணிக்கு எட்டுப் பேர். தினம் 8 மணி நேரம், மூன்று நாள்: 192 பேர். காலை முதல் மணி, சாப்பாட்டு நேரம், கடைசி நாள் பிற்பகல் எல்லாம் போகப் பாதி வைத்துக்கொள்வோம், 96. ஸ்டால் 200 என்றால் மொத்தம் 19,200 உரையாடல். ஒரு நல்ல பையர், அதாவது வாங்க வருகிறவர், 12 ஸ்டாலில் நின்று பேசுவார் என்றால், தேவைப்படுவது 1,600 பேர். அவ்வளவுதான்! கமிட்டிகளில் 40 பேர் இருந்து, தலா 80 பெயர் கொடுத்து நேரில் அழைத்து, பாதிப் பேர் வந்தாலே அந்த 1,600 வந்துவிடும்.

இந்த 80 பெயரை எந்த ஈவென்ட் கம்பெனியும் தர முடியாது. அவர்களுக்குப் பந்தலும் மின்சாரமும் தெரியும். எந்த ஆலை அடுத்த வருஷம் புது மெஷின் போடப்போகிறது, அங்கே கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பது தொழிலில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் நடப்பது தலைகீழ். தலைவர் எலக்ட்ரீஷியனோடு மல்லுக்கு நிற்பார். ஈவென்ட் கம்பெனி எங்கோ வாங்கிய பட்டியலுக்கு மொத்தமாக எஸ்.எம்.எஸ். தட்டிவிடும்.

வருகைக் கணக்கிலும் கொஞ்சம் நேர்மை வேண்டும். ஒரே ஆள் மூன்று நாளும் வந்தால் அது மூன்று நுழைவு, ஆள் ஒருவர்தான். ஸ்டால் ஊழியர்களையும் சேர்த்து எண்ணி நோட்டீஸ் அடித்தால் அடுத்த வருஷம் எக்ஸிபிட்டர், அதாவது ஸ்டால் எடுக்கிறவர், நம்பமாட்டார். 1925-இல் தொடங்கிய யுஃபி என்ற சர்வதேசக் கண்காட்சி அமைப்பு, தன் அங்கீகாரம் வேண்டுமென்றால் எண்களைத் தணிக்கை செய்து காட்டு என்கிறது. அது சும்மா சம்பிரதாயம் இல்லை.

பதிவுப் படிவத்தில் "பதவி" கேட்டுப் பயனில்லை, எல்லாரும் மேனேஜர்தான். என்ன வாங்க வருகிறீர்கள், எத்தனை மாதத்துக்குள், முடிவு யாருடையது? மூன்று கேள்வி போதும். வாங்க வருகிறவர், ஸ்டால்காரர் பேட்ஜுக்கு வேறு வேறு நிறம் கொடுங்கள். ஸ்டால் எடுக்காமல் பையோடு நுழைந்து நடைபாதையில் தன் சரக்கை விற்கிற ஆளை அப்போதுதான் பிடிக்க முடியும்.

ஹால் விஷயத்தில் அடிக்கடி சறுக்குவது பட்ஜெட். 10,000 சதுர மீட்டர் ஹாலில் விற்கக் கிடைப்பது ஏறக்குறைய பாதிதான். நடைபாதை, அவசர வழி, பதிவு மேடை, சாப்பாட்டு இடம் மீதியைத் தின்றுவிடும். 7,000 விற்கலாம் என்று வரவு எழுதிவிட்டு, பிறகு 3 மீட்டர் நடைபாதையை 2 ஆக்கி ஒரு வரிசையைச் செருகுவார்கள். தீயணைப்புத் துறை ஆய்வுக்கு வந்து அந்த வரிசையை எடுக்கச் சொன்னால், பணம் கட்டியவருக்கு யார் பதில் சொல்வது?

மின்சாரமும் அப்படித்தான். ஒவ்வொரு ஸ்டாலுக்கும் எத்தனை கிலோவாட், இரவிலும் வேண்டுமா என்று எழுதி வாங்கவில்லையென்றால், ஸ்பாட் லைட்டுக்குக் கொடுத்த பிளக்கில் யாராவது காபி மெஷினைச் செருகுவார். வரிசையே இருட்டாகும். கனமான மெஷின்கள் முதலில், ஹாலின் கடைக்கோடியிலிருந்து வாசலை நோக்கி இறங்க வேண்டும். வாசலோர ஸ்டாலை முதலில் கட்டவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போகாது. இவற்றையெல்லாம் சம்பளத்துக்கு ஒருவர் பார்க்கட்டும்.

தன்னார்வலர் கையைவிட்டுப் போகக் கூடாத இன்னொன்று, இட ஒதுக்கீட்டு விதி. கார்னர் ஸ்டால்கள் செயற்குழு உறுப்பினர்களுக்கே போகின்றன என்ற முணுமுணுப்பு வராத சங்கம் அரிது (பெரும்பாலும் முணுமுணுப்பு சரியாகவும் இருக்கும்). எத்தனை வருஷம் பங்கேற்றார், எவ்வளவு இடம் எடுத்தார், சந்தா நிலுவை உண்டா? இவற்றுக்குப் புள்ளி போட்டு, அந்த வரிசையில் தேர்வு செய்யவிடுங்கள். தலைவருக்கும் அதே வரிசை. அப்புறம் பதவிக்காலம்: இரண்டு வருஷம் வைத்து, வருஷத்துக்குப் பாதிப் பேர் மாறட்டும். மொத்தக் குழுவும் ஒரே நாளில் இறங்கினால் கான்ட்ராக்டர் யார், முன்பணம் எவ்வளவு என்பதுகூட யாருக்கும் தெரியாமல் போகும்.

அடுத்த வருஷத்து ஃப்ளோர் பிளானை இரண்டாம் நாள் காலையிலேயே மேஜையில் விரித்து, நேரம் ஒதுக்கி எக்ஸிபிட்டர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முன்பணம் வாங்குங்கள். எத்தனை சதவீதம் பேர் அங்கேயே திரும்பப் பதிந்தார்கள் என்பதைப் பொதுக்குழுவில் வாசியுங்கள். பதியாமல் போனவரை ஒரு வாரத்துக்குள் கமிட்டியில் ஒருவர் போனில் பிடித்து, எந்த மாதிரி பையர் வரவில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த 80 பெயர் அந்தக் குறிப்பிலிருந்துதான் வரும்.