முழங்கையைக் கேட்டால் ராசியைச் சொல்கிறார்கள்

காலையில் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் பேஸ்பால் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நேற்றிரவு மூன்றாவது இன்னிங்ஸில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். வெறும் பிடிப்பா, தசைநார் கிழிந்துவிட்டதா? இரண்டு வாரமா, அடுத்த வருடமா? பல் துலக்கிக்கொண்டே கைபேசியில் தேடினால் முதலில் வந்து நிற்கிறது, பேஸ்பால் நட்சத்திரங்களும் அவர்களின் ராசிகளும். தள்ளிவிட்டேன். அடுத்ததும் அதே. அதற்கடுத்ததில் அந்தப் பிட்சரின் பெயர் இருந்தது, ஆசையாகத் திறந்தேன். அவர் துலாமாம். அதனால் நிதானமானவராம். நிதானமாகத்தான் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போனார், நானும் பார்த்தேன்!

ஒரு நாள் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். சீசன் தொடங்கினால் இது, ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு இது, மழையால் ஆட்டம் நின்றால் இது. எழுத ஒன்றும் இல்லாதவர்கள் பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு ஆட்டக்காரர்களைப் பிடித்துப்போட்டு, அவர்களின் இருபது வருட வியர்வையை இரண்டு வரியில் கிரகத்துக்குத் தாரை வார்த்துவிடுகிறார்கள்.

பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹேய் ஒட்டானியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994 ஜூலை 5 இல் பிறந்தவர், ஆகவே கடகம். கடகம் என்றால் வீட்டுப் பாசம், மென்மை, ஓட்டுக்குள் ஒடுங்கும் சுபாவம். பதினெட்டு வயதிலேயே அமெரிக்கா போகிறேன் என்று அறிவித்து ஜப்பான் அணிகளைப் பதறவைத்தவர், இருபத்து மூன்று வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு வந்தேவிட்டவர் இவர். இதில் எந்த ஓடு, எந்த ஒடுக்கம்? 2023 இல் முழங்கையில் இரண்டாவது அறுவைச் சிகிச்சை. மறு வருடம் பந்து வீச முடியாது. சரி என்று மட்டையை எடுத்து 54 ஹோம் ரன் அடித்தார் (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்புவது), 59 பேஸ் திருடினார் (பந்து வீசும் நேரம் பார்த்து ஓடி அடுத்த தளத்தைப் பிடிப்பது). ஒரே சீசனில் இரண்டிலும் ஐம்பதைத் தொட்டவர் அதற்கு முன் எவரும் இல்லை. நண்டு பக்கவாட்டில் ஓடும், அதனால்தான் திருட்டு கைவந்தது என்று எழுதாமல் விட்டார்களே, அந்த மட்டில் நன்றி.

ஒட்டானிக்கும் ஒரு கட்டம் உண்டு. ராசிக் கட்டம் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது அவரே தன் கையால் நிரப்பிய 81 கட்டங்கள். நடுவில் இலக்கு, சுற்றிலும் அதை அடைய வேண்டியவை: உடல், வேகம், கட்டுப்பாடு என்று எட்டு. அந்த எட்டில் ஒன்று அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்கு என்ன பரிகாரம் எழுதினார் தெரியுமா? குப்பையைப் பொறுக்குவது, அறையைச் சுத்தம் செய்வது, வணக்கம் சொல்வது, புத்தகம் படிப்பது. அதிர்ஷ்டத்தைக்கூட விளக்குமாற்றால் கூட்டி வாரிக்கொண்ட பையனுக்கு, சந்திரன் ஆதிக்கம் என்று பட்டம் கட்டுகிறார்கள். வயிறு எரிகிறது.

ரிஷபத்துக்கு ஆரோன் ஜட்ஜ். 6 அடி 7 அங்குலம், காளை போன்ற உடம்பு, 2022 இல் 62 ஹோம் ரன். ஆகா, பொருத்தம்! ஹோசே அல்டூவேயும் ரிஷபம்தான் ஐயா. மே 6 இல் பிறந்தவர். உயரம் 5 அடி 6 அங்குலம். வெனிசுவேலாவில் தேர்வுக்கு வந்தபோது குள்ளம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மறுநாள் மீண்டும் வந்து நின்றவர். 2017 இல் அமெரிக்கன் லீகின் (அமெரிக்காவின் உச்சப் போட்டியான பெரிய லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு இந்த இருவரும்தான் முதல் இரண்டு இடத்தில் இருந்தார்கள். வென்றவர் குட்டைக் காளை. அவரை எந்த ராசிப் பட்டியலிலும் படத்தோடு நான் பார்த்ததில்லை. கல்யாணம் முடிந்து பேரன் பிறந்த பிறகு பொருத்தம் பார்த்தால் பத்துக்குப் பத்து வரத்தானே செய்யும்?

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் கான்செகோ சகோதரர்களைப் பாருங்கள். ஹவானாவில் 1964 ஜூலை 2 அன்று பிறந்த ஒரே அச்சு இரட்டையர்கள். ஹோசே 462 ஹோம் ரன் அடித்தார். ஓசி பெரிய லீகில் ஆடியது 24 ஆட்டங்கள்; ஹோம் ரன் பூஜ்யம். (ஹோசே ஊக்கமருந்து எடுத்ததைப் பின்னாளில் தானே ஒப்புக்கொண்டார். அது எந்தக் கிரகத்தின் பார்வையோ.)

அப்படியே ராசி பார்த்தாலும் யாருடைய ராசி? நாம் பார்ப்பது சந்திரன் நின்ற இடம், அமெரிக்கர்கள் பார்ப்பது சூரியன். சூரியனையே வைத்துக்கொண்டாலும் நம் பஞ்சாங்கத்தில் ஜூலை 5 ஆனி மாதம். ஒட்டானி மிதுனத்துக்குப் போய்விடுவார். ஜட்ஜ் பிறந்த ஏப்ரல் 26 சித்திரை, காளை ஆடாகிவிடும். இன்னொரு நட்சத்திர ஆட்டக்காரர் மைக் டிரௌட் பிறந்த ஆகஸ்ட் 7 அவர்களுக்குச் சிம்மம், நமக்கு ஆடி மாதக் கடகம். விமானம் ஏறி இறங்குவதற்குள் சிங்கம் நண்டாகிவிடுகிறது. இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிப் புலம்பினேன். “பிறந்த நேரம் தெரியாமல் எப்படிச் சொல்கிறார்கள்?” என்று கேட்டார். அம்மாவின் கோபம் வேறு கோபம்.

அந்தக் காலத்து ஹோம் ரன் மன்னன் பேப் ரூத் விஷயத்தில் பிறந்த நேரம் என்ன, வருடமே தகராறு. 1934 இல் ஜப்பான் பயணத்துக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போனபோதுதான், தான் பிறந்தது 1894 பிப்ரவரி 7 இல்லை, 1895 பிப்ரவரி 6 என்று அவருக்கே தெரிந்தது. அதற்குள் 700 ஹோம் ரன் அடித்து முடித்திருந்தார். தப்பான ஜாதகத்தை வைத்துக்கொண்டு!

ஒரே ஒரு இடத்தில் எனக்கும் சற்று நாக்குக் குழறும். பென்சில்வேனியாவில் டொனோரா என்ற சிற்றூர். பேஸ்பால் ஜாம்பவான் ஸ்டான் மியூசியல் அங்கே 1920 நவம்பர் 21 இல் பிறந்தார். இன்னொரு ஜாம்பவான் கென் கிரிஃபி ஜூனியர் அதே ஊரில், 1969 இல், அதே நவம்பர் 21 இல். இருவரும் இடக்கைக்காரர்கள். மேனி சிலிர்க்கத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. ஆனால் மியூசியல் மூன்று முறை உலகத் தொடரை, அதாவது பெரிய லீகின் இறுதிப் போட்டியை, வென்றார், கிரிஃபி ஒரு முறைகூட அதில் கால் வைக்கவில்லை. விருச்சிகம் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது?

இதில் என் கோபத்தைத் தலைக்கு ஏற்றுவது, பிறந்த தேதிக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது என்பதுதான். அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலில் பல பத்தாண்டுகள் வயதுக் கணக்கின் எல்லை ஜூலை 31 ஆக இருந்தது. ஆகஸ்ட் 1 இல் பிறந்தவன் தன் பிரிவில் மூத்தவன். முந்தின நாள் பிறந்தவன், கிட்டத்தட்ட ஒரு வயது பெரிய பையன்களோடு மல்லுக்கட்டும் கடைக்குட்டி. பத்து வயதில் ஒரு வருடம் என்பது எவ்வளவு தசை, எவ்வளவு உயரம்! பெரியவனைப் பயிற்சியாளர் கவனிக்கிறார், அவனுக்குக் கூடுதல் ஆட்டம் கிடைக்கிறது. அப்படியே பெரிய லீக் வரை எட்டிய அமெரிக்கர்களில் ஜூலைக்காரர்களைவிட ஆகஸ்டுக்காரர்கள் தெளிவாக அதிகம். இரண்டு பையன்களும் சிம்மம்தான், கவனியுங்கள். ஒருவனைத் தூக்கிவிட்டு மற்றவனை உட்காரவைத்தது ஏதோ ஓர் அலுவலக மேசையில் எழுதிய விதி. இதை எழுதுங்களேன் என்றால், படம் போட வசதியாக இல்லை போலிருக்கிறது. சிங்கம் என்றால் பிடரியோடு பளபளவென்று போடலாம்.

இப்போது மாலை ஆகிவிட்டது. அந்த முழங்கைக்கு என்ன ஆயிற்று என்று இன்னும் ஒருவரும் எழுதவில்லை. அவருக்கு இந்த வாரம் பணவரவு உண்டாம்.