வரைவாகவே கிடந்த சட்டக் கருத்து

அரசு உதவித்தொகை வாங்கியவர்கள் மீது தானியங்கிக் கணக்கால் இல்லாத கடனைச் சுமத்திய ஆஸ்திரேலியாவின் ‘ரோபோடெப்ட்’ விவகாரம் என்றாலே எல்லோரும் கம்ப்யூட்டரைத்தான் திட்டுகிறார்கள். அது பாவம், சொன்ன கணக்கைப் போட்டது. என் கோபம் வேறு இடத்தில்.

கணக்கு இதுதான். ஒருவர் ஆறு மாதம் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார். பிறகு வேலை போய், மீதி ஆறு மாதம் அரசு உதவித்தொகையில் காலம் தள்ளுகிறார். உதவித்தொகையோ அந்தந்த இரண்டு வார வருமானத்தைப் பார்த்துத் தருவது. அரசு என்ன செய்தது? வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், 26-ஆல் வகுத்தது. வேலையே இல்லாத காலத்திலும் உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஆயிரம் டாலர் வந்திருக்கிறது, வாங்கியதைத் திருப்பிக் கட்டுங்கள் என்று கடிதம் போட்டது. இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. அஞ்சாறு வருஷத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டை யார் வைத்திருப்பார்கள்?

இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2014-லேயே சமூக சேவைகள் துறையின் சொந்த வழக்கறிஞர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2015-ல் திட்டம் வந்துவிட்டது! 2017 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உறுப்பினர் டெரி கார்னியும் சராசரியை வைத்துக் கடனை நிரூபிக்க முடியாது என்று சொன்னார். அரசு அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்தின் அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. போயிருந்தால் அந்தத் தீர்ப்பு ஊருக்கே தெரிந்திருக்கும்; கீழ்க்கட்டத் தீர்ப்புகள் அப்போது வெளியாகவில்லை. வழக்குப் போட்டவருக்கு மட்டும் விடிவு, மற்றவர்களுக்குக் கடிதம் தொடர்ந்தது. 2018-ல் வெளியிலிருந்து ஒரு சட்ட நிறுவனமும் அதையே சொன்னது. அந்தக் கருத்தை இறுதி செய்யச் சொல்லாமல், வரைவாகவே கிடப்பில் போட்டுவிட்டார்கள். என்ன சாமர்த்தியம்!

2019 நவம்பரில் ஃபெடரல் நீதிமன்றத்தில்தான் அரசு பணிந்தது. திருப்பித் தந்தது, தள்ளுபடி, இழப்பீடு எல்லாம் சேர்த்து 2021 கணக்குப்படி சுமார் 180 கோடி டாலர். இதை விசாரித்த, முன்னாள் நீதிபதி கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ஆணையத்தின் முன், கடன் கடிதம் வந்த பிறகு தற்கொலை செய்துகொண்ட மகன்களைப் பறிகொடுத்த தாய்மார்கள் சாட்சி சொன்னார்கள்.

கண்காணிக்க ஆள் இல்லாமல் இது நடக்கவில்லை. சொன்னதைக் காதில் வாங்காமல் இருக்க அரசுக்கு வழி இருந்தது. தீர்ப்பாயங்களின் போக்கைக் கவனித்துக் குரல் கொடுக்க வேண்டிய நிர்வாக மறுஆய்வுக் கவுன்சிலையும் அதே 2015-ல் முடக்கியிருந்தார்கள். 2024-ல் புதிய தீர்ப்பாயத்தோடு அது திரும்பி வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் எனக்கு அது போதாது. தீர்ப்பாயத்தில் தோற்கும் துறை மேல்முறையீடு போக வேண்டும், இல்லையென்றால் அதே நிலையில் இருக்கும் எல்லோருக்கும் வசூலை நிறுத்த வேண்டும். இரண்டும் செய்யாத அமைச்சர் ஏன் என்று நாடாளுமன்றத்தில் எழுத்தில் சொல்லட்டும்.