நுரை குறைவாக வருவது குறை இல்லை

ரின்ஸ்லெஸ் வாஷ் (தண்ணீர் ஊற்றி அலசாமலே காரைத் துடைத்துச் சுத்தம் செய்யும் திரவம்) வாங்கும்போது நன்றாக நுரைப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும், நுரைக்காதது அழுக்கை எடுக்காது என்று மேலே ஒருவர் எழுதியதைப் பலர் அப்படியே வழிமொழிந்திருக்கிறீர்கள். அது சரியில்லை, மன்னிக்கவும்.

இந்த வகை வாஷைக் குறைவாக நுரைக்கும்படியேதான் தயாரிக்கிறார்கள். துடைத்தபின் தண்ணீர் ஊற்றி அலசப் போவதில்லையே. நுரை மிஞ்சினால் காரின் மேலேயே காய்ந்துவிடும். அழுக்கைத் தளர்த்துவது இதிலுள்ள சர்ஃபாக்டன்ட், அதாவது சோப்பு போல வேலை செய்யும் பொருள். துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே வழுக்கல் தருவதில் இதிலுள்ள பாலிமர் என்ற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. நுரையின் அளவை வைத்து இரண்டையும் எடைபோட முடியாது. நுரை வரவில்லையே என்று மூடி மூடியாகச் சேர்த்தால் திட்டுத் திட்டாகத் தடம்தான் மிஞ்சும்.

நீங்களே சோதிக்கலாம். லேபிளில் போட்டிருக்கும் அளவில் கலக்குங்கள். ஆப்டிமம் நோ ரின்ஸ் என்ற பிராண்டு வாஷ் என்றால் 1:256, அதாவது 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 40 மில்லி. இன்னொரு வாளியில் நன்றாக நுரைக்கும் சாதாரண கார் ஷாம்பூ. ஜன்னல் கண்ணாடியின் ஒரு பாதியை இதிலும் மறுபாதியை அதிலும் துடைத்து, அலசாமல் காயவிட்டு, வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். ஷாம்பூ பட்ட பக்கம் படலம் வரிவரியாகத் தெரியும்.